இருபத்தேழாம் ஒலி

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜெனி பத்மாலயாவின் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள்.

மாட்டுங்காவில் பூக்கடைகள் முடிந்து பெரிய மரங்கள் தொடங்கும் தெரு அது. நான்கு மாடிக் கட்டடம். எழுபது வயது ஆகிவிட்டது. இன்னும் இருபது நாளில் இடிக்கப்போகிறார்கள். குடியிருந்த பதினாறு குடும்பங்களும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயாகிவிட்டது. மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டுவிட்டன. வாசலில் காவலாளி சொரிமுத்து மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சத்தம் பிடிக்க வந்த பொண்ணு நீதானாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. அத்தான் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாம், சொன்னாம். காலி வீட்டுல என்ன சத்தம் கெடக்கு? புறா எச்சம் போடுத சத்தமா?"

உள்ளே லிப்ட் கூண்டுக்குள்ளிருந்து ஜாபெஸின் சிரிப்பு கேட்டது. "அதையும் விடமாட்டா அண்ணாச்சி. போன வாரம் எங்க வீட்டு பிரிட்ஜ் உறுமுததை ஒரு மணி நேரம் பதிவு பண்ணினா. பாட்டு எப்ப வரும்னு நானும் உக்காந்து கேட்டேன்."

ஜாபெஸ் ஜெனியின் கணவன். லிப்ட் மெக்கானிக். இழுத்து மூடும் இரும்புக் கம்பிக் கதவு வைத்த அந்தப் பழைய லிப்ட்டைக் கழற்றும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. அன்று அளவெடுக்க வந்திருந்தான். அவன் சொல்லித்தான் ஜெனிக்கு உள்ளே போக அனுமதி.

"பம்ப்பு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஜெனி.

அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். அவனுக்கு ஆஸ்துமா. தூசியில் வேலை செய்த நாட்களில் மூச்சு இழுக்கும். இழுக்கத் தொடங்கினால் குரல் வராது. அந்த நேரங்களில் கட்டில் காலையோ சுவரையோ இரண்டு முறை தட்டுவான். டக் டக். எந்த உறக்கத்தில் இருந்தாலும் ஜெனி எழுந்து பம்ப்பை எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமான நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் தவறவிட்டதில்லை.

ஜெனிக்கு வேலை செம்பூரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில். ஆனால் அவள் உயிர் வேறொன்றில் இருந்தது. தெருவிலும் வீட்டிலும் தற்செயலாகக் கிடைக்கும் ஒலிகளைப் பிடித்து, வாத்தியமும் இல்லாமல் பாட்டும் இல்லாமல், அவற்றை மட்டுமே கோத்து ஒலிச்சித்திரம் செய்வாள். ஒரு பழைய மில் கட்டடத்தில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு, சாகப்போகும் இந்தக் கட்டடத்தின் ஒலிகளைக் கொண்டு ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

மாடி மாடியாக ஏறினாள். தபால் பெட்டிகளின் தகர மூடிகள். காற்றை மட்டும் துப்பும் குழாய். புறாக்கள். எங்கோ கோயில் மணி. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஓர் எண்.

மூன்றாம் மாடியில் பன்னிரண்டாம் எண் வீட்டுக்குள் நுழைந்தபோது இருபத்தாறு ஆகியிருந்தது.

ஜன்னல்கள் மூடியிருந்தன. சுண்ணாம்பும் பழைய கற்பூரமும் கலந்த வாசனை. சுவரில் படங்கள் இருந்த இடங்களில் மட்டும் வெளிறிய சதுரங்கள். ஜெனி ரிக்கார்டரை அதன் மூன்று கால்களில் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பொத்தான் 'டிக்' என்றது.

பக்கத்துச் சுவர் பதில் சொன்னதுபோல இருந்தது.

டக். டக். டக்.

சின்ன இடைவெளி.

டக். டக்.

ஜெனியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். இப்படி ஒரு தாளம் தானாகவே கிடைப்பது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். வெயில் இறங்கும்போது பழைய இரும்புக் குழாய்கள் சுருங்கித் தட்டும் என்று எங்கோ படித்திருந்தாள்.

ஒலி பிடிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பொத்தானை அழுத்திவிட்டால் அசையக் கூடாது. பேசக் கூடாது. இருமல் வந்தால்கூட விழுங்க வேண்டும். கேட்கும் ஒலி எதுவானாலும் அதில் தலையிடக் கூடாது.

ஜெனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. நடுவில் எதையோ தரையில் இழுப்பதுபோல ஓர் ஒலி. பிறகு தட்டல் மெல்ல மெல்ல இளைத்தது. மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று.

நின்றுவிட்டது.

ரிக்கார்டரை நிறுத்தினாள். ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. வெளியே வந்து பதினொன்றாம் எண் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பூட்டியிருந்தது. தட்டலாமா என்று கையைத் தூக்கினாள்.

"ஏட்டி! எறங்கி வா. கடை மூடுததுக்குள்ள ஒரு காப்பி குடிச்சிட்டுப் போலாம்," என்று கீழேயிருந்து ஜாபெஸ் கூப்பிட்டான்.

கையை இறக்கினாள். நோட்டில் எழுதினாள்: 27. குழாய். மூன்று, இரண்டு.

*

புதன்கிழமை லீவு. செம்பூரில் அவர்கள் குடியிருந்த சின்ன ஃபிளாட்டின் மேஜையில் ஜெனி தகர டப்பாவைத் திறந்து வைத்தாள்.

அவள் பிறந்து வளர்ந்த தாராவியில் இருந்த சர்ச்சின் பழைய வாக்குத்தத்த டப்பா அது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் நின்று அதற்குள் கைவிட்டு ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அந்த வசனம்தான். பிடிக்காத வசனம் வந்தாலும் மாற்ற முடியாது. எடுத்ததைத் திருப்பிப் போடக் கூடாது என்பது அம்மா கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. சர்ச்சுக்குப் புது டப்பா வந்தபோது பழையதை ஜெனி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய வேலையே அதில்தான். ஒலிகளுக்குக் கொடுத்த எண்களைச் சீட்டுகளில் எழுதிப் போட்டுக் குலுக்குவாள். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த ஒலி. எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசை. தன் விருப்பத்துக்கு அதில் இடமே கிடையாது. கண்காட்சிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வாள்: "நான் செய்யுறது இல்ல. அதுவா அமையுது."

இருபத்தேழு சீட்டுகளில் பன்னிரண்டு எடுக்க வேண்டும். பதினொன்று நன்றாகவே அமைந்தன. கடைசிச் சீட்டை எடுத்தாள்.

இருபத்தேழு.

முகம் சுளித்தாள். அவ்வளவு நீளமான தட்டலில் போய் முடிந்தால் கேட்கிறவர்கள் சலித்துப் போவார்கள். லிப்ட் கதவு 'கிறீச்'சென்று மூடுவதில் முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

வாழ்க்கையில் முதல் தடவையாக, எடுத்த சீட்டைத் திருப்பிப் போட்டாள். நன்றாகக் குலுக்கினாள். கண்ணை மூடி, டப்பாவின் அடிவரை கைவிட்டு எடுத்தாள்.

இருபத்தேழு.

சிரித்துக்கொண்டே மறுபடியும் போட்டாள். டப்பாவைக் கவிழ்த்து, சீட்டுகளைத் தரையில் பரப்பி, அள்ளிப் போட்டு எடுத்தாள்.

இருபத்தேழு.

ஜெனிக்குச் சிரிப்பு நின்றுபோனது. சரி என்று அந்த ஒலியையே கடைசியில் வைத்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வரும்போது ஜாபெஸின் போன் அடித்தது. சொரிமுத்து.

இருவரும் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. சொரிமுத்து நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினொன்னாம் நம்பர் பத்ரிநாராயணன் சார். தனியா இருந்த மனுசன். சாவியக் குடுத்துட்டுத்தான் போனாரு. ஆனா இன்னொரு சாவி வச்சிருந்திருக்காரு. நான் சாப்பிடப் போன நேரமாப் பாத்து உள்ள வந்திருக்காரு. சுவத்துல ஒரு கடிகாரத்த விட்டுட்டுப் போயிட்டாராம். அத எடுக்க ஸ்டூல்ல ஏறி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு..."

"ஒருத்தரும் தேடலையா?" என்றான் ஜாபெஸ்.

"மவன் அம்பர்நாத்துல. மவ வாஷியில. அவ வீட்டுல இருக்காருன்னு இவன் நெனைக்க, இவன் வீட்டுல இருக்காருன்னு அவ நெனைக்க... இன்னைக்கு நாத்தம் அடிச்சுத்தான் கதவ ஒடைச்சோம். கைக்குள்ள கடிகாரம். அது மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு தம்பி."

ஜெனி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என்னைக்கு... விழுந்தாராம்?"

"திங்கக்கிழமைதான்னு டாக்டர் சொல்லுதாரு. சாயங்காலத்துக்குள்ள உசிரு போயிருக்கும்னாரு. பன்னெண்டாம் நம்பர் பக்கத்துச் சுவத்துல, கீழ படுத்திருந்தா எட்டுத உயரத்துல, சுண்ணாம்பு பூராம் உதிர்ந்து கெடக்கு. சாவிய வச்சுத் தட்டியிருக்காரு பாவம். யாரு காதுலயாவது விழுந்திருந்தா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. ஜாபெஸ் மெதுவாகத் திரும்பி ஜெனியைப் பார்த்தான்.

வீட்டுக்குத் திரும்பினார்கள். செருப்பைக் கழற்றியதும் அவன் கேட்டான்.

"அந்தக் குழாய்ச் சத்தம்."

"ஆமா."

"அவரு மவன்கிட்ட சொல்லணும்ட்டி."

"என்னன்னு சொல்ல? உங்கப்பா சாகுததை அஞ்சு நிமிசம் நாப்பது செகண்டு, மூச்சு விடாம நின்னு நான் பதிவு பண்ணினேன்னா?"

ஜாபெஸ் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தான். "அத கண்காட்சியில போடப் போறியா?" என்றான்.

"சீட்டு அப்படித்தான் வந்திச்சு."

"சீட்டா அவரு தட்டுததக் கேட்டுக்கிட்டுச் சும்மா நின்னிச்சு? நீதானட்டி நின்ன!"

நான்கு வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. சொன்னவுடனே அவனே எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். ஜெனி அழவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து இருபத்தேழாம் ஒலியை வெட்டி எறிந்தாள். அந்த இடத்தை மட்டும் மூடாமல், ஐந்து நிமிடம் நாற்பது வினாடி வெறும் மௌனமாக விட்டாள். அந்த மனிதருக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இருபத்தேழாம் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டாள்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தபோது, எல்லாச் சீட்டுக்கும் மேலே அது இருந்தது.

கிழிசல் இல்லாமல். அவளுடைய கையெழுத்தில்.

*

அன்று ஸ்டூடியோவில் ஒரு சீரியலுக்கு டப்பிங். ஒலிபுகாத அறைக்குள் யாருமில்லை. நடிகை டீ குடிக்க வெளியே போயிருந்தாள். கண்ணாடிக்கு இந்தப்புறம் ஜெனியும், கூட வேலை பார்க்கும் சைனப்பும்.

"அடியே, அங்க பாரு," என்றாள் சைனப்.

திரையில் ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு குதித்தது. மூன்று முறை. நின்றது. இரண்டு முறை.

ஒலிபெருக்கியில் ஒன்றும் கேட்கவில்லை.

"கிரவுண்டிங் போச்சா என்ன? சத்தமே இல்லாம லெவல் ஏறுது." சைனப் ஒயரைப் பிடுங்கி மாற்றினாள். கோடு மறுபடியும் குதித்தது. மைக்கின் ஒயரையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அப்போதும் குதித்தது.

மூன்று. இரண்டு.

"யா அல்லா," என்று ஒயரைக் கீழே போட்டாள் சைனப். "ஜெனி, உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

ஜெனி பையை எடுத்துக்கொண்டு நேராக மாட்டுங்காவுக்குப் போனாள். வாசலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொரிமுத்துவிடம் கொட்டினாள். கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் கேக்கும்மா," என்றார் மெல்ல. "வாசல் காவல் கேபின் தகரத்துல தட்டுது. பட்டப்பகல்ல."

"நீங்க என்ன செய்வீங்க?"

"ஒன்னும் செய்யமாட்டேன். திரும்பிப் பாக்கமாட்டேன். யாருன்னு கேக்கமாட்டேன். தட்டித் தட்டி அதுவா ஓஞ்சிரும். ஒரு தடவ பதில் குடுத்தியோ, அப்புறம் நீ போற எடமெல்லாம் வரும். என்ன ஆனாலும் பதில் குடுக்காத, கேட்டியா?"

அன்று இரவு முழுக்க ஒன்றுமில்லை. செவ்வாய் மாலை காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மூன்று. இரண்டு. ஜெனி கத்தியை நிறுத்தவில்லை. வெண்டைக்காயை எண்ணி எண்ணி நறுக்கினாள். ஓய்ந்துவிட்டது.

புதன் காலை அலமாரிக் கதவில். அவள் திரும்பவில்லை. ஓய்ந்துவிட்டது.

சொரிமுத்து சொன்னது சரிதான்.

*

வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஜாபெஸ் வந்தான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளைத் தூசி. பத்மாலயாவின் லிப்ட்டைக் கழற்றி முடித்துவிட்டிருந்தார்கள்.

"நாளைக்குக் கண்காட்சிக்குக் குடுக்கணும்லா? முடிச்சிட்டியா?"

"கடைசியா ஒரு தடவ முழுசாக் கேட்டுட்டு அனுப்பணும். இருபது நிமிசம். இழுக்குதா?"

"லேசா. பம்ப்பு அடிச்சிட்டேன். குளிச்சா சரியாயிரும்." துண்டை எடுத்தவன் நின்றான். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுட்டி."

"போய்க் குளிங்க. நாறுது."

அவன் சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டான். சட்டை கட்டில்மேல் கிடந்தது.

சட்டைப் பையில் பம்ப்பு இருந்தது. ஜெனி அதைக் கவனிக்கவில்லை.

வழக்கம்போல மேஜையில் ரிக்கார்டரை ஓடவிட்டாள். தன் படைப்பைக் கேட்கும்போது அறை எப்படி இருந்தது என்பதையும் அவள் பதிவு செய்து வைப்பாள். பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியுலகம் அணைந்தது.

தகர மூடிகள் படபடத்தன. குழாய் காற்றைத் துப்பியது. புறாக்கள் பறந்தன. பதினொரு ஒலிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. பதினான்காம் நிமிடத்தில் மௌனம் தொடங்கியது.

ஜெனி கண்களை மூடிக்கொண்டாள்.

டக். டக். டக்.

கண்ணைத் திறந்தாள்.

டக். டக்.

ஹெட்போனுக்குள் எதுவுமில்லை என்று திரை காட்டியது. வெறும் தட்டையான கோடு. மேஜைதான் அதிர்ந்தது. அவள் முழங்கை வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், பலகையில், யாரோ சாவியால் தட்டுவதுபோல.

மூன்று. இரண்டு.

இதுவரை இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

பதில் கொடுக்காதே. திரும்பிப் பார்க்காதே. அதுவாக ஓய்ந்துவிடும்.

மூன்று இரண்டு. மூன்று இரண்டு. இடைவெளி இல்லாமல், அவசரமாக, கெஞ்சுவதுபோல. டீ கிளாஸ் நகர்ந்தது. ஜெனி இரண்டு கைகளாலும் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நாற்காலியில் சிலைபோல, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலியை ஒருமுறை யாரோ பிடித்து உலுக்கினார்கள்.

அவள் திரும்பவில்லை.

பிறகு தட்டல் இளைத்தது. மூன்று இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று.

நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம் நாற்பது வினாடி முடிந்தது. ஜெனி ஹெட்போனைக் கழற்றினாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு சின்ன வெற்றி. ஜெயித்துவிட்டேன். இனி வராது.

குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தான்?"

தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கட்டில்மேல் கிடந்த சட்டையை, அதன் பையின் கனத்தை, அவள் பார்த்தாள்.

*

எதிர்வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்கவே பத்து நிமிடம் ஆனது. கதவின் உட்புறம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஈரக் கையின் அடையாளங்கள் இருந்தன.

சிவ்ரி கல்லறைத் தோட்டத்தில் ஜாபெஸை அடக்கம் செய்தார்கள். தாராவியிலிருந்து அம்மா வந்து ஒரு வாரம் இருந்தாள். "எங்கூட வந்துரு மக்கா, இங்க தனியாக் கெடக்காத," என்று அழுதாள். சைனப் தினமும் சோறு கொண்டுவந்து, பிசைந்து கையில் கொடுத்தாள். சொரிமுத்து வந்து வாசலோரம் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு ஜெனி அந்த ரிக்கார்டரை எடுத்தாள்.

வியாழக்கிழமை. அறையின் ஒலி. அவள் நிறுத்த மறந்து, தானாகவே நின்றுபோயிருந்த பதிவு.

பதினான்காம் நிமிடத்துக்கு நகர்த்தினாள்.

தூரத்தில், தண்ணீர் ஓசைக்கு அடியில், மிக மெல்லிதாகக் கேட்டது.

டக் டக்.

நான்கு வருஷமாக அவளை உறக்கத்திலிருந்து எழுப்பிய அதே தட்டல்.

உடனே மேஜையில், ரிக்கார்டரின் காதுக்குப் பக்கத்தில், ஓங்கி விழுந்தது. மூன்று. இரண்டு.

டக் டக் என்று கதவு. மூன்று இரண்டு என்று மேஜை. அங்கே ஒருவன் தட்டத் தட்ட, இங்கே ஒருவர் ஓடிவந்து சொல்லிக்கொண்டிருந்தார். கதவில் தட்டல் தேயத் தேய, மேஜையில் தட்டல் வலுத்தது. கிளாஸ் நகரும் ஓசை. நாற்காலி உலுங்கும் ஓசை.

அத்தனைக்கும் நடுவில் அவள் ஓசை மட்டும் எங்குமே இல்லை. ஒரு சின்ன மூச்சுகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எந்தத் தட்டலும் இல்லை. டப்பா சும்மா இருந்தது. அலமாரி சும்மா இருந்தது. ஜெனி ஒவ்வொரு சுவராகக் காதை வைத்துக் கேட்டாள். "சார், ஒரே ஒரு தடவை," என்று முகம்கூட அறியாத அந்த மனிதரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "அத்தான்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பத்மாலயா இடிந்து, அந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி எழும்பியிருந்தது. போய்க் கேட்க அந்தச் சுவர்கூட இல்லை.

பதினேழாம் நாள் மதியம், புதிதாக மாட்டிய குளியலறைக் கதவின் முன்னால் ரிக்கார்டரை நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள். தரையில் உட்கார்ந்து, ஒரு முழ உயரத்தில், தட்டினாள்.

டக் டக்.

காத்திருந்தாள்.

டக் டக். டக் டக். விரல் முட்டி தோல் உரியும்வரை தட்டினாள். கெஞ்சினாள். பதிலே இல்லை. கடைசியில் கதவில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. ரிக்கார்டர் நின்றிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

பதிவின் நீளத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் நாற்பது வினாடி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய தட்டல் கேட்டது. டக் டக். பிறகு அவள் அழுகை. அதோடு, மைக்குக்கு மிக அருகில், இன்னொன்றும் இருந்தது. ஆஸ்துமாக்காரனின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது நெஞ்சில் மெல்லிய விசில் அடித்தது. அவளுக்கு அது எந்தக் கூட்டத்திலும் தெரியும்.

"அத்தான்," என்றாள் ஜெனி.

பதிவில் அவள் மறுபடியும் தட்டினாள்.

அந்த மூச்சு உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. அவள் தட்டுவதைக் கெடுத்துவிடாமல், அசையாமல், அவன் பக்கத்திலேயே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

கடைசி வினாடிவரை.

அப்புறம், பொத்தானை ஒரு விரல் அழுத்தும் ஒலி.

டிக்.